ஆள் வராத இணையதளம்: அறிகுறி பார்த்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

இணையதளத்துக்கு ஆள் வரவில்லை என்று சொன்னால் உடனே கிடைக்கும் யோசனை இரண்டு: இன்னும் கட்டுரை போடுங்கள், இன்னும் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) வாங்குங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிற யோசனை இது. எழுதிய கட்டுரை கூகுளின் இண்டெக்ஸுக்கே, அதாவது தேடலுக்காக அது வைத்திருக்கும் பட்டியலுக்கே, போகாமல் இருக்கலாம். போயும் பத்தாவது பக்கத்தில் கிடக்கலாம். முதல் பக்கத்தில் இருந்தும் யாரும் தொடாமல் போகலாம். வெளியே வாங்கிய லிங்க்கை கூகுள் கணக்கிலேயே எடுக்காமல் இருக்கலாம். "லிங்க் பத்தவில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் லிங்க்குக்கு முந்தைய படியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

உதாரணத்துக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். கோவையில் மாடித்தோட்டத்துக்கு விதை, வளர்ப்புப் பை, மண்புழு உரம் விற்கிறார்கள். வேர்ட்பிரஸில் தளம், வாரம் ஒரு கட்டுரை, பிற தளங்களிலும் அவ்வப்போது விருந்தினர் கட்டுரை. கீழே உள்ள அறிகுறிகளை மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதலாவது சரியாக இல்லாமல் ஐந்தாவதில் கை வைத்துப் பயனில்லை. தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்திருக்க வேண்டும். இலவசம்தான். அது இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிட்டு, கொஞ்சம் தரவு சேர்ந்த பிறகு இங்கே வாருங்கள்.

கூகுளில் தளமே காணோம்

தேடல் பெட்டியில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் முகப்புப் பக்க முகவரியைக் கொடுத்துக் காரணம் கேளுங்கள். அது சொல்வதுதான் உறுதியான பதில்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில், ரீடிங் பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லும் கட்டம் அது. தளம் கட்டும்போது டெவலப்பர் டிக் அடித்திருப்பார். ஒப்படைக்கும்போது எடுக்க மறந்திருப்பார். எத்தனை லிங்க் வாங்கினாலும் அந்த டிக் இருக்கிற வரை ஒன்றும் நடக்காது.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. எந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஒரு பக்கத்தைத் தடுத்துவிட்டு, அதே பக்கத்தில் நோஇண்டெக்ஸும் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) போட்டால், கூகுள் உள்ளே வந்து அந்த நோஇண்டெக்ஸைப் படிக்கவே முடியாது. வெளியிலிருந்து யாராவது லிங்க் கொடுத்திருந்தால் விவரம் எதுவுமில்லாத வெறும் முகவரியாக அந்தப் பக்கம் தேடலில் தோன்றலாம். மறைக்க வேண்டிய பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. பழைய தளமாக இருந்தால் உள்ளே யூனிகோடு அல்லாத எழுத்துரு இருக்கலாம். கண்ணுக்குத் தமிழ்தான். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் கூகுளுக்கும் அதுதான் தெரிகிறது. இன்னொன்று, டிசைனர் அழகாகச் செய்து கொடுத்த போஸ்டரையே கட்டுரையாகப் போட்டுவிடுவது. படத்துக்குள் இருக்கும் தமிழை நம்பித் தேடலில் இடம் எதிர்பார்க்கக் கூடாது. விலைப்பட்டியல், உர அளவு எல்லாவற்றையும் எழுத்தாகவே போடுங்கள்.

வந்து பார்த்துவிட்டுப் போகிறது, சேர்க்கவில்லை

சர்ச் கன்சோலின் பேஜஸ் அறிக்கையில் இரண்டு நிலைகள் பலரையும் குழப்பும். 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் அப்படி ஒரு பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. 'கிரால்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் வந்து படித்தது, சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டது. இரண்டாவதுதான் கட்டுரையைப் பற்றிய தீர்ப்பு.

நம் கடையின் தளத்தில் "மாடித்தோட்டம் அமைப்பது எப்படி", "வீட்டில் மாடித்தோட்டம்", "மாடித்தோட்டம் எளிய வழிகள்" என்று ஒரே விஷயத்தை வேறு வேறு தலைப்பில் எழுதியிருந்தால் இதுதான் நடக்கும். மூன்றையும் ஒன்றாக்கி, மற்ற இரண்டு முகவரிகளை 301 (நிரந்தரத் திருப்பம்) மூலம் அதற்குத் திருப்பிவிடுங்கள். ஏஐயிடம் சொல்லி நாளுக்கு இருபது கட்டுரை கொட்டியவர்களுக்கு இந்த நிலை மொத்தமாக வரும். ஆள் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டுமே பெருமளவில் பக்கம் குவிப்பதை 2024 மார்ச்சிலிருந்து கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

முதல் நிலைக்குப் பெரும்பாலும் உள்லிங்க் இல்லாததுதான் காரணம். புதிய கட்டுரைக்கு உங்கள் தளத்திலேயே எத்தனை பக்கங்களிலிருந்து வழி இருக்கிறது? சைட்மேப்பில் (தளத்தின் பக்கப் பட்டியல் கோப்பில்) மட்டும் இருந்து, வேறெந்தக் கட்டுரையிலிருந்தும் வழி இல்லாத பக்கம் அனாதைதான். நன்றாக ஓடும் பழைய கட்டுரைகள் நாலைந்தில் பொருத்தமான வரியிலிருந்து புதியதற்கு லிங்க் கொடுங்கள். வெளியே லிங்க் தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. காசும் ஆகாது.

பகிர்ந்த லிங்க்கை யாரும் தொடுவதில்லை

வாட்ஸ்அப்பில் போட்டால் முகவரி முழம் முழமாக விழுக்காட்டுக் குறிகளோடு நீள்கிறதா? தமிழிலேயே முகவரி வைத்ததன் விளைவு. 'மாடி' என்பது நமக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட், முகவரியில் ஒரு பைட்டுக்கு மூன்று குறி. ஆக 'மாடி' மட்டுமே 36 குறிகளைப் பிடித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸோ தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது 200 குறிகளில் வெட்டிவிடும். "மாடித்தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி" என்று தலைப்பு வைத்தால் முகவரி 'மாடித்தோட்டத்தில்-தக்கா' என்பதோடு நின்றுபோகும். அடுத்து "மாடித்தோட்டத்தில் தக்காளியைத் தாக்கும் பூச்சிகள்" என்று எழுதினால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வால் பக்கம் ஒரு 2 ஒட்டிக்கொண்டு வரும்.

இதனால் கூகுளில் இடம் போய்விடாது. ஆனால் குடும்பக் குழுவில் இப்படி ஒரு முகவரியைப் பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து நகர்ந்துவிடுவார். இனி எழுதும் கட்டுரைகளுக்கு இரண்டு மூன்று சொல்லில், ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி வையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம்.

இம்ப்ரெஷன் ஏறுகிறது, கிளிக் ஏறவில்லை

இம்ப்ரெஷன் என்பது தேடலில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை. சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ஒரு கட்டுரையைத் தேர்ந்து, எந்தத் தேடலுக்கு எத்தனையாவது இடத்தில் காட்டப்படுகிறது என்று பாருங்கள். சராசரி இடம் 30, 40 என்றிருந்தால் இம்ப்ரெஷனைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. அங்கே வரை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு மருந்து ஐந்தாவது அறிகுறியிலும் ஆறாவதிலும் இருக்கிறது.

இடம் மூன்று நான்கு, ஆனாலும் கிளிக் இல்லை என்றால் தலைப்பைப் பாருங்கள். "செம்பருத்திப் பராமரிப்பு" என்ற தலைப்பைவிட "செம்பருத்தி மொட்டு உதிர்கிறதா? மாவுப்பூச்சியா தண்ணீரா என்று கண்டுபிடிப்பது எப்படி" என்பது தேடுகிறவரின் கவலையைத் தொடுகிறது. கைபேசியில் தலைப்பு பாதியில் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள். வினவல் பட்டியலில் தங்கிலீஷ் சொற்கள் மிகுந்திருந்தால் கட்டுரையை ஆங்கிலமாக்க வேண்டியதில்லை. படத்தின் விளக்கத்திலோ முகவரியிலோ அந்த எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் இயல்பாக வந்தால் போதும்.

இடமும் தலைப்பும் நன்றாக இருந்தும் கிளிக் மட்டும் குறைந்துகொண்டே போனால், அந்தத் தேடலை நீங்களே அடித்துப் பாருங்கள். பதில் அங்கேயே, ஏஐ ஓவர்வியூவாகவோ (தேடலின் மேலே கூகுளின் ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கம்) பெட்டியாகவோ வந்து நிற்கிறதா? 2024 ஆகஸ்டில் ஏஐ ஓவர்வியூ இந்தியாவுக்கு வந்தது முதல், ஒற்றை வரியில் பதில் முடிகிற கேள்விகளுக்குக் கட்டுரை எழுதி ஆள் பிடிப்பது நஷ்டக் கணக்கு. "வெண்டை எத்தனை நாளில் காய்க்கும்" என்பதை விட்டுவிட்டு, உங்களைப் போல் கையால் செய்தவர் மட்டுமே எழுதக்கூடியதற்குப் போங்கள்.

வெளியே எழுதிய கட்டுரைகளிலிருந்து ஒருவரும் வரவில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். காசும் உழைப்பும் அதிகம் கரைகிற இடம் இதுதான்.

ஒரு காலத்தில் இது வேலை செய்தது. ஈசைன்ஆர்ட்டிகிள்ஸ் போன்ற கட்டுரைக் கிடங்குகளில் ஒரே கட்டுரையைச் சொல் மாற்றிச் சொல் மாற்றிப் பதிந்து, அடியில் தன் தளத்துக்கு ஒரு லிங்க் வைத்தால் கூகுளில் ஏற முடிந்தது. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற கூகுள் அப்டேட் வந்து அந்தக் கிடங்குகளையே சாய்த்தது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற இன்னொரு அப்டேட் வந்து அப்படிச் சேர்த்த லிங்க்குகளைக் குறிவைத்தது. தமிழிலும் தமிழ்மணம், இன்ட்லி போன்ற, வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் ஓங்கியிருந்தபோது பதிவை இணைத்த அன்றே ஆள் வந்தார்கள். அந்தக் கூட்டம் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் போய் வெகுநாளாகிறது. ஆனால் "நூறு தளங்களில் ஆர்ட்டிகிள் சப்மிஷன்" என்ற பேக்கேஜ் மட்டும் இன்னும் விற்கிறது.

முதல் சோதனை: உங்கள் லிங்க் எப்படிப் போடப்பட்டிருக்கிறது? கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட் பாருங்கள். 'ரெல்' என்ற இடத்தில் நோஃபாலோ (இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே), ஸ்பான்சர்டு (விளம்பரம்), யூஜிசி (வாசகர் இட்டது) என்று ஏதாவது இருக்கலாம். நோஃபாலோ 2005 ஜனவரியில் பின்னூட்டக் குப்பையைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. விளம்பரத்துக்கும் வாசகர் இடுவதற்கும் தனித்தனி அடையாளம் 2019இல் சேர்ந்தது. இவை இருந்தால் அந்த லிங்க் தேடல் தரவரிசைக்கு உதவும் என்று கணக்கு வைக்காதீர்கள். அதற்காக அது வீண் என்றும் இல்லை. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் லிங்க் எல்லாம் நோஃபாலோதான், யூடியூப் வீடியோவின் விவரப் பகுதியில் இருப்பதும் அப்படித்தான். ஆனால் ஒரு நல்ல தோட்ட சேனலில் வீடியோவின் அடியில் இருக்கும் லிங்க், பெயர் தெரியாத இருபது தளங்களைவிட அதிகம் பேரைக் கூட்டி வரும். மேலே உள்ள இரண்டு வரிக்குள் லிங்க் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'மேலும்' என்பதைத் தட்டினால்தான் தெரியும் என்றால் இல்லாத மாதிரி.

இரண்டாவது சோதனை: லிங்க் எங்கே இருக்கிறது? கட்டுரை முடிந்து, ஆசிரியர் குறிப்பில், "இவர் கோவையில் மாடித்தோட்டக் கடை நடத்துகிறார்" என்பதன் மேல் இருந்தால் யாரும் தட்ட மாட்டார்கள். படித்தாயிற்று, வேலை முடிந்தது, எதற்குத் தட்ட வேண்டும்? லிங்க்கைத் தட்டக் காரணம் கட்டுரையின் நடுவில் பிறக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகள் படிக்கும் ஒரு தளத்துக்கு "மொட்டை மாடி எவ்வளவு பாரம் தாங்கும்" என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த அளவுப் பையில் ஈர மண் எத்தனை கிலோ வரும் என்பதை உங்கள் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, பட்டியலாக உங்கள் தளத்தில் போட்டிருக்கிறீர்கள். கட்டுரையில் பாரத்தைப் பற்றிப் பேசும் வரியில் அந்தப் பட்டியலுக்கு லிங்க். தன் மாடிக்குக் கணக்குப் போட வேண்டியவர் தட்டியே ஆக வேண்டும். அந்தத் தளத்தின் ஆசிரியரும் அதை விளம்பரம் என்று வெட்ட மாட்டார். அப்புறம் வேறு யாராவது மாடித் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது, கேட்காமலே அந்தப் பட்டியலுக்கு லிங்க் கொடுப்பார்கள். "மாடித்தோட்டத்தின் 10 நன்மைகள்" என்ற கட்டுரைக்கு இந்த யோகம் கிடையாது.

மூன்றாவது: வருகிறார்கள், ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் செயலியிலிருந்து தட்டி வருகிறவர் அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் 'டைரக்ட்' என்றுதான் பதிவாவார். ஒவ்வோர் இடத்துக்கும் முகவரியின் வாலில் தனி யூடிஎம் குறி (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ஒட்டு) சேர்த்துக் கொடுங்கள். எது ஆள் கொண்டுவருகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

பத்திரிகையில் உங்கள் கடையைப் பற்றிச் செய்தி வந்ததா? அச்சில் வந்தது மகிழ்ச்சி, ஆனால் இ-பேப்பர் வெறும் பக்கப் படம். அதே செய்தி அந்தப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்திருக்கிறதா, கடையின் பெயர் லிங்க்காக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இல்லையென்றால் செய்தியாளரிடம் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நடக்காது.

லிங்க் எண்ணிக்கை ஏறுகிறது, இடம் ஏறவில்லை

"டிஏ 50க்கு மேல் நூறு பேக்லிங்க்" என்று மின்னஞ்சல் வராத தளக்காரர் இல்லை. டிஏ, அதாவது டொமைன் அதாரிட்டி, என்பது மாஸ் என்ற நிறுவனத்தின் சொந்த அளவுகோல், கூகுளுடையது அல்ல. ஒரு பக்கத்தின் லிங்க் வலிமையைச் சொல்லும் தன் பேஜ்ரேங்க் எண்ணைக் கூகுள் வெளியே காட்டுவதையே 2016இல் நிறுத்திவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் இந்த எண்கள் வியாபாரமாகின்றன. அதே 2016 செப்டம்பரில் பென்குயின் கூகுளின் மைய நிரலோடு கலந்தது. அதன் பிறகு குப்பை லிங்க்குகளைப் பெரும்பாலும் தண்டிப்பதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. ஆகவே கருவியில் எண் ஏறும், தேடலில் ஒன்றும் அசையாது. உங்கள் காசு போனதுதான் மிச்சம்.

நல்ல லிங்க்தான், இருந்தும் அசைவில்லை என்றால் சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கையைத் திறங்கள். எல்லா லிங்க்கும் முகப்புப் பக்கத்துக்கே வந்து குவிந்து, ஏற வேண்டிய கட்டுரைக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். முகப்பிலிருந்து அந்தக் கட்டுரைக்கு நேர்வழி கொடுங்கள். லிங்க் வரும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டியும் பாருங்கள். தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறி 404க்கு ('பக்கம் இல்லை' என்ற செய்திக்கு) போய்க்கொண்டிருப்பது சாதாரணம். அதை 301இல் சரியான பக்கத்துக்குத் திருப்பினால், ஏற்கெனவே சம்பாதித்தது திரும்பக் கிடைக்கும். நான் பார்த்த வரையில் செலவில்லாமல் உடனே பலன் தருவது இந்த ஒரு வேலைதான்.

காசு கொடுத்துச் செய்திபோல் கட்டுரை போடச் சொல்கிறவர்களிடம் இண்டர்ஃப்ளோரா கதையைச் சொல்லுங்கள். பிரிட்டனின் பெரிய பூ வியாபார நிறுவனம். உள்ளூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் லிங்க்கோடு விளம்பரக் கட்டுரைகளைக் கொட்டினார்கள். 2013 பிப்ரவரியில் சொந்தப் பெயரைத் தேடினாலும் தளம் வரவில்லை. காதலர் தினம் முடிந்து அன்னையர் தினம் வரவிருந்த நேரம்; பூக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. லிங்க்குகளைத் துடைத்த பிறகு இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தார்கள். சின்னக் கடைக்கு அவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

திடீரென்று பாதியாகச் சரிந்தது

பதறுவதற்கு முன் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருப்பது இதற்குத்தான் உதவுகிறது. விதைக் கடைக்கு ஆடிப்பட்டத்தை ஒட்டித் தேடல் ஏறும், சித்திரை வெயிலில் விழும். அதற்குப் போய் எஸ்இஓ (தேடலில் தளத்தை ஏற்றும் வேலை) ஆளை மாற்றாதீர்கள்.

பருவம் காரணமில்லை என்றால் சரிந்த விதத்தைப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாப் பக்கமும் விழுந்தால் கைப்பிழை: தீம் மாற்றம், முகவரி மாற்றம், மறுபடியும் அந்த நோஇண்டெக்ஸ் டிக். மேனுவல் ஆக்ஷன்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். கூகுள் ஆள் வைத்துத் தண்டித்திருந்தால் அங்கே காரணத்தோடு எழுதியிருக்கும். சைட் தேடலில் ஜப்பானிய எழுத்தில் பக்கங்கள் வந்தால் தளம் ஹேக் ஆகியிருக்கிறது. அப்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹோஸ்டிங்காரரைக் கூப்பிடுங்கள்.

சில வாரங்களில் படிப்படியாக இறங்கியிருந்தால் கூகுளின் தேடல் நிலைப் பலகையில் கோர் அப்டேட் (தரவரிசை முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) தேதி பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், அது முடியும் வரை எதையும் மாற்றாதீர்கள். 2024 மார்ச் அப்டேட் முடிய 45 நாள் ஆனது. நடுவில் தலைப்பை மாற்றி, கட்டுரையை அழித்து, லிங்க் வாங்கிக் குழப்பியவர்களுக்கு எது எதனால் நடந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் லிங்க்குகளைக் கைவிடச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால், மேனுவல் ஆக்ஷன் வந்திருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் அநேகமாகத் தேவையில்லை. நல்ல லிங்க்கையும் சேர்த்துக் கைவிட்டுவிடும் ஆபத்துதான் அதிகம்.

நம் கட்டுரையைத் திருடியவர் நமக்கு மேலே வருகிறார்

முதலில் நாகரிகமாக ஒரு மின்னஞ்சல். அசையாவிட்டால் கூகுளிடம் காப்புரிமைப் புகார் கொடுக்கலாம். நீங்கள் வெளியிட்ட தேதியும் மூலப் படங்களும் கையில் இருக்கட்டும். நீங்களே அனுமதித்து வேறு தளம் மறுபதிப்புச் செய்தால், அவர்கள் பக்கத்துக்கு நோஇண்டெக்ஸ் போடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்துக்கு முழுக் கட்டுரையைக் கொடுக்க வேண்டாம், பாதியைக் கொடுங்கள்.

ஆள் வருகிறார்கள், விற்கவில்லை

இது லிங்க் சிக்கலே இல்லை. எந்தக் கட்டுரைக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். "ரோஜாக் கவிதை" தேடி வந்தவர் ரோஜாப் பதியன் வாங்க மாட்டார். அந்த வருகையை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். மாவுப்பூச்சிக் கட்டுரைக்கு வந்தவரோ வேப்பெண்ணெய் வாங்கத் தயாராகத்தான் நிற்கிறார். அவருக்கு அந்தப் பத்தியிலேயே விலையும் வாட்ஸ்அப் பொத்தானும் தெரிகிறதா, உங்கள் கைபேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.